மறுபடியும் பெட் வைக்கிறார்: விடுவதா, கோல் பண்ணுவதா, ஏற்றுவதா?

நல்லூரில் கொடியேறிவிட்டால் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரிந்துவிடும். ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான், கொக்குவில் சித்தப்பா, கம்பஸில் படிக்கும் இரண்டு பெடியள், நான். இரவுச் சாப்பாடு முடிந்து தேத்தண்ணி வந்ததும் கடதாசி கலைபடும். என் சின்ன வயதில் அது 304 என்ற கடதாசி ஆட்டமாக இருந்தது. இப்போது சில வருஷங்களாக நோ-லிமிட் ஹோல்டெம் போக்கர். "திருவிழா நேரம் காசு வைச்சு விளையாடப்படாது" என்று அம்மம்மா ஒருதரம் சொன்னார். அதோடு காசு போய்ப் புளியங்கொட்டை வந்தது. ஆளுக்கு 200 கொட்டை. கடதாசி பார்க்க முன்னரே இரண்டு பேர் கட்டாயம் போட வேண்டிய பிளைண்ட், ஸ்மோல் 1, பிக் 2. தோற்றால் போவது மானம் மட்டும்தான்.

இந்த விறாந்தையிலும், இணையத்தில் என்னோடு போக்கர் கதைப்பவர்களிடமும் ஒரே இடத்தில்தான் ஆட்டம் இடறுகிறது. ஒருவர் தன் கையில் உள்ள இரண்டு கடதாசியைப் பார்த்து முதலில் பந்தயத்தை ஏற்றுகிறார். நாம் கோல் பண்ணுகிறோம், அதாவது அதே அளவைப் போட்டு நிற்கிறோம். ஃபிளாப்பில், அதாவது நடுவில் எல்லாருக்கும் பொதுவாக, மூன்று கடதாசி விரிகிறது. நாம் செக் சொல்கிறோம், ஒன்றும் வைக்காமல் பேச்சை அவரிடம் விடுகிறோம். அவர் மறுபடியும் பெட் வைக்கிறார். இதற்குப் பெயர் தொடர் பந்தயம், ஆடுகிறவர்கள் வாயில் சி-பெட். இப்போது என்ன செய்வது? கம்பஸ் பெடியளில் சின்னவன் பெரும்பாலும் சொல்லும் பதில்: "அண்ணை, ஏத்தினவர் திரும்பவும் வைக்கிறார், கையில என்னவோ இருக்குது. நான் விடுறன்."

இது 304 பழக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. 304 இல் இத்தனை புள்ளி எடுப்பேன் என்று உயர்த்திக் கேட்டவரிடம் சாமான் இருக்கும். மிச்சக் கடதாசி கைக்கு வருமே தவிர எல்லாருக்கும் பொதுவாக நடுவில் எதுவும் விழுவதில்லை, தன் கையை வைத்தே அவர் கணக்கை எடுத்துக் காட்ட வேண்டும். போக்கரில் கதை வேறு. அவர் ஏற்றியது இரண்டு கடதாசியைப் பார்த்து. அதன்பிறகு அவருக்கும் தெரியாத மூன்று கடதாசி நடுவில் வந்துவிட்டது. ஜோடியில்லாத இரண்டு கடதாசி வைத்திருப்பவருக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது சேர்வது 32 வீதம், சுமாராக மூன்றில் ஒரு தரம். மற்ற இரண்டு தரமும் அவர் பழைய தைரியத்திலேயே கேட்கிறார். சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அப்படித் தொடர்ந்து கேட்பதற்குத்தான் சி-பெட் என்று பெயர்.

அதற்காக எல்லாவற்றையும் கோல் பண்ணுவதா? மச்சான் அப்படித்தான் செய்கிறார், விடியும்போது அவர் முன்னால் கொட்டை மிஞ்சியதில்லை.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்

வழிகளை ஒப்பிட முன்னர் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் நாலு விஷயம் பார்க்கிறேன். நாலாவதைத்தான் ஆட்கள் பார்ப்பதில்லை. என் கணக்கில் அதுவே பெரியது.

முதலாவது, இந்த ஃபிளாப் யாருடையது. கிங்-7-2, மூன்றும் மூன்று இனம் என்று வைத்துக்கொள்வோம். நாம் பிக் பிளைண்டில் கோல் பண்ணியவர்கள். நம்மிடம் இரண்டு ஏஸோ, இரண்டு கிங்கோ, ஏஸ்-கிங்கோ இருந்திருந்தால் பெரும்பாலும் முன்னமே மறுபடி ஏற்றியிருப்போம். அவரிடம் அவை எல்லாம் இருக்கலாம். ஆகவே இது அவருடைய ஃபிளாப், நாம் இருவரும் ஒன்றும் சேராமல் இருந்தாலும் அவர் சொல்லும் கதை நம்பும்படி இருக்கிறது. 8-7-6, இரண்டு ஒரே இனம் என்றால் எதிர்மாறு. பிக் பிளைண்டில் மலிவாக உள்ளே வந்த 10-9, 5-4, 8-7 எல்லாம் நம் பக்கம்தான் கூட. இங்கே வடிவாக ஆடத் தெரிந்தவர் அடிக்கடி செக் பண்ணுவார். இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு பெட் வைப்பவர் நமக்கு வேண்டிய ஆள்.

இரண்டாவது, பொட்டோடு, அதாவது நடுவில் சேர்ந்திருக்கும் கொட்டையோடு, ஒப்பிட்டால் பெட்டின் அளவு. இதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை, வெறும் கணக்கு:

| பெட், பொட்டில் எவ்வளவு | கோல் பண்ண நமக்கு வேண்டிய வெல்லும் வாய்ப்பு | நாம் எத்தனை வீதம் விட்டால் அவருடைய வெறுங்கைக்கு நட்டமில்லை |
|---|---|---|
| மூன்றில் ஒன்று | 20 வீதம் | 25 வீதம் |
| அரைவாசி | 25 வீதம் | 33 வீதம் |
| மூன்றில் இரண்டு | 29 வீதம் | 40 வீதம் |
| முழுப் பொட் | 33 வீதம் | 50 வீதம் |

மூன்றாவது நிரலைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் பொட்டில் மூன்றில் ஒன்று வைக்கும்போது நாம் நாலு தரத்தில் ஒரு தரத்துக்கு மேல் விட்டால், கையில் எதுவுமே இல்லாமல் அவர் வைத்த பெட்டும் லாபமாகிவிடும். நம் பெடியன் மூன்றில் இரண்டு தரம் விடுகிறான். அவனுக்கு எதிரே இருப்பவருக்குக் கடதாசியைத் திருப்பிப் பார்க்கும் தேவையே இல்லை. ஆனால் இந்த எண்ணைச் சட்டமாகப் பிடிக்கவும் வேண்டாம். கிங்-7-2 போல ஃபிளாப் அவர் பக்கம் இருந்தால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக விடலாம். அவருடைய வெறுங்கையும் முழு வெறுமையல்ல, பின்னால் ஒரு கடதாசி விழுந்து சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, யார் பின்னால் ஆடுகிறார். அவர் பேசியபின் நாம் பேசுவதென்றால் நாம் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறோம். நாம் முதலில் பேச வேண்டுமென்றால் இருட்டில் படி இறங்குவது போல. ஒரே கை, ஒரே ஃபிளாப், இடம் மட்டும் மாறினால் கோல் என்பது விடுவதாக மாறலாம்.

நாலாவது, அவர் டர்னிலும், அதாவது நடுவில் விழும் நாலாவது கடதாசியிலும், வைப்பாரா? ஃபிளாப்பில் எத்தனை தரம் பெட் வைக்கிறார் என்பதை எல்லாரும் கவனிக்கிறார்கள். கோல் விழுந்தபின் நாலாவது கடதாசியில் அவர் என்ன செய்கிறார் என்பதை யாரும் எண்ணுவதில்லை. ஃபிளாப்பில் எப்போதும் வைத்து, டர்னில் கையை மடித்துக்கொண்டு செக் சொல்பவர் ஒரு சாதி. ஃபிளாப்பிலும் டர்னிலும் தொடர்ந்து அடிப்பவர் வேறு சாதி. ஃபிளாப்பில் வைக்கும் பெட் இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அதற்கு ஒரே பதிலைக் கொடுத்தால் ஒருவரிடமாவது தோற்போம்.

எத்தனை பேர் பொட்டில் நிற்கிறார்கள், எதிரே எவ்வளவு கொட்டை மிச்சம் என்பவையும் உண்டு. அவற்றைக் கடைசியில் பார்க்கலாம்.

விடுவது

வெளிப்படையான செலவு பூச்சியம். ஃபிளாப்புக்கு முன் போட்டது போனதுதான், அதை நினைத்து அழுவதில் பயனில்லை. கிங்-7-2 இல் நம் கையில் ஜாக்-9, பொருந்த வழியில்லை, அவர் டர்னிலும் அடிக்கும் ஆள், நாம் முதலில் பேச வேண்டியவர். இங்கே விடுவதற்கு நான் ஒரு நொடிகூடச் செலவழிப்பதில்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று மேலே சொன்ன கணக்கு: கூடுதலாக விடுபவர் தன் பிளைண்டையும் கோலையும் தவணை முறையில் தானம் பண்ணுகிறார். ஒரு கையில் ஆறு கொட்டை போவது கண்ணுக்குத் தெரியாது, இரவு முழுக்க இருபது கை அப்படிப் போனால் 120. இரண்டாவது, மேசை நம்மைப் படித்துவிடும். பெடியன் விடுவான் என்று தெரிந்தபின் சித்தப்பா அவனுக்கு எதிராக எந்தக் கையையும் ஏற்றத் தொடங்கினார். இப்போது நட்டம் ஃபிளாப்பில் இல்லை, அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது.

விடுவது நல்ல தெரிவாக இருப்பது எப்போதெல்லாம்: பெட் பெரிது, ஃபிளாப் அவருடையது, நாம் முதலில் பேச வேண்டும், அவர் கை இல்லாமல் இரண்டாம் தரம் வைக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது. இதில் மூன்று சேர்ந்தாலே எனக்குக் காணும்.

ஒரு வகை ஆள் இருக்கிறார், இரவு முழுக்க நாலு கைதான் ஆடுவார். அவர் ஏற்றி, 8-7-6 இலும் பெரிதாக வைக்கிறார் என்றால் அவரிடம் பெரிய ஜோடி இருக்கிறது. அவருக்கு ஃபிளாப் யாருடையது என்ற யோசனையே கிடையாது. அவருக்கு முன்னால் கெட்டித்தனம் காட்டுவது வீண்.

கோல் பண்ணுவது

எல்லாருக்கும் பிடித்த வழி இதுதான். விட்டோம் என்ற வெட்கமும் இல்லை, ஏற்றினோம் என்ற பயமும் இல்லை. அதனால்தான் மூன்றிலும் கூடிய தவறு இங்கே நடக்கிறது.

கோலில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் நியாயம் வேறு. நடுத்தர ஜோடி ஒன்று கையில் இருக்கிறது, அவருடைய வெறுங்கைகளை அது வெல்லும் என்று கோல் பண்ணுவது முதல் வகை. பொருந்தினால் பெரிதாக வெல்லும் கையோடு நிற்பது இரண்டாவது. கையில் எதுவுமில்லாமல், டர்னில் அவர் செக் சொன்னால் பொட்டைப் பறிக்கலாம் என்று பின்னால் இருந்து கோல் பண்ணுவது மூன்றாவது. இதை ஃபுளோட் என்பார்கள், மிதந்து கொண்டிருப்பது.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், கணக்கு அங்கேதான் சுத்தமாகத் தெரிகிறது. நான் பட்டனில், அதாவது எல்லாருக்கும் பின் பேசும் இடத்தில், 2 போட்டு வந்தேன், பிக் பிளைண்டில் இருந்த சித்தப்பா 6 இற்கு ஏற்றினார், நான் கோல், ஸ்மோல் பிளைண்ட் விட்டதில் அதன் 1 சும்மா கிடக்கிறது. பொட்டில் 13. அவர் 6 வைக்கிறார். நம் கையில் உருப்படியாக ஒன்றுமில்லை, பொருந்தவும் போவதில்லை. கோல் பண்ணினால் பொட் 25. டர்னில் அவர் செக் சொன்னால் நாம் 12 வைக்கிறோம், அதற்கு அவர் மூன்றில் இரண்டு தரம் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் டர்னிலும் பெட் வைத்தால் நாம் விடுகிறோம்.

| அவர் டர்னில் செக் சொல்வது | நம் வெறுங்கைக் கோலின் சராசரி விளைவு |
|---|---|
| நாலில் ஒரு தரம் | ஏறக்குறைய 3 கொட்டை நட்டம் |
| இரண்டில் ஒரு தரம் | சரிக்குச் சரி, ஒரு நூல் லாபம் |
| நாலில் மூன்று தரம் | மூன்றரைக் கொட்டை லாபம் |

கையில் இருக்கும் கடதாசி மூன்று வரியிலும் ஒன்றுதான், எதுவுமே இல்லாத கை. ஃபிளாப்பும் ஒன்று, பெட்டும் ஒன்று. மாறியது எதிராளியின் டர்ன் பழக்கம் மட்டும். நட்டத்திலிருந்து லாபத்துக்கு ஆறு கொட்டைக்கு மேல், ஏறக்குறைய பொட்டின் அரைவாசி. இதனால்தான் நாலாவது விஷயத்தைப் பெரியது என்றேன்.

இனி இரண்டாவது வகை, பொருந்தக் காத்திருக்கும் கை. நாலு கடதாசி ஒரே இனம், ஐந்தாவது வந்தால் ஃபிளஷ். இதற்கு எல்லாரும் 35 வீதம் என்று மனப்பாடம் வைத்திருக்கிறார்கள். அந்த 35 டர்ன், ரிவர் (ஐந்தாவது, கடைசிக் கடதாசி) இரண்டையும் பார்த்தால் வரும் எண். அடுத்த ஒரு கடதாசியில் மட்டும் என்றால் 19 வீதம். மேலே உள்ள பெட்டுக்கு நமக்கு வேண்டியது 24. ஆக, 35 ஐ நினைத்தால் தாராளமான கோல், 19 ஐ நினைத்தால் குறைகிறது. எது சரி? அதுவும் அவர் டர்னில் என்ன செய்வார் என்பதைப் பொறுத்தது. செக் சொல்பவர் என்றால் ரிவரைச் சும்மா காட்டுகிறார், 35 ஐ நம்பலாம். அடிப்பவர் என்றால் நமக்கு உள்ளது 19 தான், பொருந்தும்போது இன்னும் ஆறேழு கொட்டையாவது சராசரியாக அவரிடமிருந்து வாங்க முடிந்தால்தான் கணக்குச் சரியாகும். பெரும்பாலும் வாங்க முடியும். ஆனால் அதே இனத்தில் மூன்றாவது கடதாசி நடுவில் விழுந்ததும் கையை ஒடுக்கிக்கொள்ளும் ஆளிடம் முடியாது. எண் வரிசையாக ஐந்து கடதாசி சேர்ந்தால் ஸ்ட்ரெய்ட். இரண்டு நுனியில் எதில் வந்தாலும் பொருந்தும் ஸ்ட்ரெய்ட் இதைவிடச் சற்றுக் குறைவு: ஒரு கடதாசியில் 17, இரண்டில் 31 அல்லது 32. நடுவில் ஒன்று மட்டும் வர வேண்டிய ஸ்ட்ரெய்ட் 8 அல்லது 9 வீதம், அதை மட்டும் நம்பிக் கோல் பண்ணுவது சுவீப் டிக்கெட் வாங்குவது போல.

முதல் வகைதான் மச்சானின் வியாதி. கிங்-7-2 இல் 7 ஒன்று கையில் இருக்கிறது. ஃபிளாப்பில் கோல், நியாயம். டர்னில் குயின், அவர் 16 வைக்கிறார், "இவ்வளவு போட்டாச்சு" என்று கோல். ரிவரில் 40, ஒரு பெருமூச்சு, கோல். ஃபிளாப்பில் 6 இற்கு வாங்கிய கோல் 62 இல் முடிந்தது. கோலின் மறைந்திருக்கும் செலவு இதுதான்: விலைச்சீட்டில் உள்ளது முதல் தவணை மட்டும். டர்னில் எந்தக் கடதாசி விழுந்தால் நிற்பேன், எது விழுந்தால் விடுவேன் என்று கோல் பண்ண முன்னரே ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கோல் வேண்டாம்.

கோல் நல்ல தெரிவாக இருப்பது: பெட் சிறிது, நாம் பின்னால் பேசுகிறோம், அவர் டர்னில் ஓய்ந்துபோகும் ஆள். இரண்டு வழியில் கொஞ்சம் கொஞ்சம் பொருந்தக்கூடிய கைகள், உதாரணமாக பெரிய ஏஸ் ஒன்றும் ஃபிளாப்பில் அதே இனத்தில் ஒன்றிரண்டும் இருந்தால், இன்னும் நல்லது. மிக வலிய கையோடும் கோல் பண்ணலாம், ஆனால் கிங்-7-2 போல ஆபத்தில்லாத ஃபிளாப்பில் மட்டும். 8-7-6 இல் பதுங்கினால் அடுத்த கடதாசி நம் கையைத் தின்றுவிடும்.

ஏற்றுவது

இது துணிச்சலான வழி என்று பெயர். என் அனுபவத்தில் வீட்டு ஆட்டங்களில் மிகக் குறைவாகப் பயன்படும் வழியும் இதுவே. செக் சொல்லி, அவர் வைத்ததும் ஏற்றுவதைச் சிலர் சதி மாதிரிப் பார்க்கிறார்கள். சித்தப்பாவுக்கு முதல்தரம் செய்தபோது, "செக் எண்டு சொல்லிப்போட்டு இது என்ன வேலை?" என்று முகத்தைச் சுளித்தார். விதியில் அதற்குத் தடை இல்லை.

கணக்கு: பொட் 13, அவர் 4 வைக்கிறார், நாம் 14 இற்கு ஏற்றுகிறோம். 17 ஐ வெல்ல 14 ஐப் பணயம் வைக்கிறோம். அவர் 45 வீதம் விட்டால் வெறுங்கைக்கும் நட்டமில்லை. அவர் 6 வைத்து நாம் 18 இற்கு ஏற்றினால் 49 வீதம் வேண்டும். பாதிக்குப் பாதி என்று மனதில் வைத்துக்கொண்டால் காணும். ஃபிளாப்பில் எதையும் யோசிக்காமல் வைப்பவருக்கு மூன்றில் இரண்டு தரம் ஜோடியில்லை என்று பார்த்தோம். அவரிடம் ஏற்கெனவே ஜோடியாக வந்த கைகளையும் சேர்த்தால் இந்த எண் கொஞ்சம் இறங்கும், இருந்தாலும் 8-7-6 போன்ற ஃபிளாப்பில் ஏஸ்-குயினோடு நிற்பவர் என்ன செய்வார்?

ஆனால் வெறுங்கையோடு ஏற்றச் சொல்லவில்லை. ஏற்றுவதற்கு ஏற்ற கைகள் இரண்டு நுனியில் இருக்கின்றன: இரண்டு ஜோடி, ஒரே எண்ணில் மூன்று போன்ற வலிய கை ஒரு நுனியில், ஃபிளஷுக்கோ ஸ்ட்ரெய்ட்டுக்கோ காத்திருக்கும் கை மறு நுனியில். பின்னதற்கு வெல்ல இரண்டு வழி, அவர் விட்டாலும் வெற்றி, கோல் பண்ணினாலும் 19 அல்லது 35 வீதம் கையில் இருக்கிறது. டர்னிலும் அடிக்கும் ஆளுக்கு எதிராக ஃபிளஷுக்குக் காத்திருந்தால் கோல் வாடுகிறது என்று பார்த்தோமே, அங்கே ஏற்றுவது பொருந்துகிறது. அவர் டர்னில் கேட்கப்போகும் விலையை நாமே ஃபிளாப்பில் நிர்ணயித்துவிடுகிறோம்.

மறைந்திருக்கும் செலவு என்ன? நடுத்தர ஜோடியோடு ஏற்றினால் நம்மைவிடக் குறைந்த கைகள் எல்லாம் விட்டுப்போகும், கூடிய கைகள் மட்டும் நிற்கும். நல்ல கையை நாமே வெறுங்கையாக்கிவிடுகிறோம். "எங்க நிக்கிறன் எண்டு பாக்க ஏத்தினன்" என்று சொல்பவர்கள் பதினாலு கொட்டை கொடுத்து ஒரு தகவல் வாங்குகிறார்கள், அதே தகவல் டர்னில் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். அடுத்தது, அவர் திரும்ப ஏற்றினால் பொருந்தக் காத்திருந்த கையைத் தூக்கி எறிய வேண்டி வரும், ரிவர் வரைக்கும் போக இருந்த உரிமையும் போய்விடும். கோல் மட்டும் பண்ணி ஆட்டத்தில் நிற்கும் ஆளுக்கு, மச்சான் மாதிரி விடவே தெரியாதவருக்கு, வெறுங்கையோடு ஏற்றுவது கிணற்றுக்குள் கல் போடுவது. அவருக்கு நல்ல கையோடு மட்டும் ஏற்ற வேண்டும், அதுவும் தாராளமாக.

முந்திக்கொள்வது

நாலாவது வழி ஒன்றும் உண்டு: சி-பெட் வரவே விடாமல், முன்னால் இருந்து நாமே முதலில் பெட் வைப்பது. இதைக் கழுதை பெட் என்ற பொருளில் டோங்க் என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார்கள். ஏற்றியவரிடம் செக் சொல்வதே முறை என்பது நெடுநாள் பாடம். 2019 இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் ஆடும் நோ-லிமிட் ஆட்டத்தில் முன்னணித் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. அது இந்தக் கழுதை பெட்டை மனித வல்லுநர்களைவிட எவ்வளவோ அதிகமாக வைத்தது என்று உருவாக்கியவர்களே எழுதினார்கள்.

அதற்காக நாளையே எல்லா ஃபிளாப்பிலும் முந்த வேண்டாம். 7-6-5 போல நம் பக்கம் சாய்ந்த ஃபிளாப்பில், அவர் செக் பண்ணி ஒரு கடதாசி இலவசமாகப் பார்க்கக்கூடும் என்று தோன்றினால், சிறிதாக வைக்கலாம். கிங்-7-2 இல் வைத்தால் நாமே சிரிப்புக்கு இடம். ஃபிளாப்பில் எப்போதும் வைக்கும் ஆளுக்கு எதிராக முந்தவே கூடாது, அவர் தரவிருந்த ஆறு கொட்டையை ஏன் தடுக்க வேண்டும்?

ஒரு பார்வையில்

| | விடுவது | கோல் | ஏற்றுவது | முந்துவது |
|---|---|---|---|---|
| ஃபிளாப் | அவருடையது | பெரிய ஆபத்தில்லாதது | நம் பக்கம் சாய்ந்தது | தெளிவாக நம்முடையது |
| பெட் அளவு | பெரிது | சிறிது, நடுத்தரம் | சிறிது என்றால் இன்னும் மலிவு | நாமே தீர்மானிப்பது |
| நம் இடம் | முன்னால் | பின்னால் | இரண்டிலும் | முன்னால் மட்டும் |
| அவருடைய டர்ன் | கை இருந்தால் மட்டும் அடிப்பார் என்று சொல்ல முடியாதவர் | ஓய்பவர் | ஓயாதவர், ஆனால் விடத் தெரிந்தவர் | ஃபிளாப்பிலேயே செக் சொல்லக்கூடியவர் |
| மறைந்திருக்கும் செலவு | மேசை படித்துவிடும் | டர்ன், ரிவர் தவணைகள் | நடுத்தரக் கை வீணாகும் | அவருடைய வெறும் பெட்டை இழப்போம் |

அட்டவணையில் அடங்காதவை இரண்டு. பொட்டில் மூன்று பேர் நின்றால் சி-பெட்டுக்குக் கனம் கூட. இரண்டு பேரைத் தாண்ட வேண்டும் என்று தெரிந்தும் வைப்பவர் சும்மா வைப்பது குறைவு. நம் பாரமும் குறைகிறது. அரைப் பொட் பெட்டுக்கு எதிரே ஒருவர் மட்டும் என்றால் 67 வீதம் நிற்க வேண்டும். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு 42 வீதம் அளவில் நின்றாலே அவருக்கு இலவச லாபம் இல்லை. அதனால் மூன்று பேர் பொட்டில் நான் தயங்காமல் விடுகிறேன், பின்னால் இன்னொருவர் பேச இருந்தால் இன்னும் சீக்கிரமாக. மற்றது கொட்டை மிச்சம். பொட் 13 இருக்க இருவரில் ஒருவரிடம் 30 தான் உள்ளது என்றால் ஃபுளோட், டர்ன் திட்டம் எல்லாம் மறந்துவிடலாம். ஏற்றினால் முழுவதும் உள்ளே போகும், அல்லது விடுவது. நடுவழி இல்லை.

எங்கள் விறாந்தையில்

போன வருஷம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எண்ணத் தொடங்கினேன். யார் ஃபிளாப்பில் வைத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, கோல் விழுந்தபின் டர்னில் யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் கோடு போட்டேன். ரகசியமாகச் செய்ய முடியவில்லை, இரண்டாம் நாளே மச்சான் கண்டுபிடித்து "என்ன, வட்டிக் கணக்கோ?" என்றார்.

சித்தப்பா 20 தரத்தில் 15 தரம் டர்னில் செக். எங்கள் அட்டவணையின் மூன்றாவது வரியே மனித உருவத்தில். அவருக்கு எதிராகப் பட்டனில் இருந்து எதையும் கோல் பண்ணினேன், செக் சொன்னதும் 12 வைத்தேன், அவர் "சரி, எடு" என்று தள்ளிவிட்டார். மச்சான் ஃபிளாப்பில் வைத்தால் டர்னிலும் வைப்பார், ரிவரிலும் வைப்பார், கை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவரிடம் ஃபுளோட் பண்ணுவது விசர் வேலை. கிங்கோடு ஜோடி வந்தால் கடைசிவரை கோல், ஃபிளஷுக்குக் காத்திருந்தாலும் கோல்தான், ஏனென்றால் ஏற்றினால் அவர் விடமாட்டார், பொருந்தினால் முழுதாகக் கொடுப்பார். பெரிய பெடியன் இருவரிலும் கெட்டிக்காரன், கிங்-7-2 இல் சிறிதாக அடிக்கடி வைப்பான், 8-7-6 இல் செக் பண்ணுவான். அவனோடு அட்டவணையின் எண்களை ஒட்டி ஆடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. முன்பு எல்லாவற்றையும் விட்ட சின்னவனுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "சித்தப்பாவிட்டை மட்டும் விடாதை, மற்ற ஆக்களைப் பிறகு பாப்பம்."

அவன் அதைப் பத்து நாள் அப்படியே செய்தான். இந்த வருஷம் கொடியேற்றத்தன்று இரவு முதல் கையிலேயே சித்தப்பா ஃபிளாப்பில் 6 வைத்தார், அவன் கோல். டர்னில் 3 விழுந்தது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி 15 வைத்தார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினேன்.